எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே

காலுக்குள் கம்பி இருக்கிறது, இடுப்புக்குள் தகடு இருக்கிறது, தோளில் ஆணி இருக்கிறது என்று சொல்லும் பெண்கள் வன்னியிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஏராளம். மாரி காலம் வந்தால் அந்த இடம் உளைகிறது என்பார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது உள்ளே ஏதோ உரசுகிறது என்பார்கள். ஆனால் அது என்ன உலோகம், எலும்போடு ஒட்டியிருக்கிறதா அல்லது வெறுமனே செருகியிருக்கிறதா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. அவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை என்பதுதான் உண்மை.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள். இப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவின் வேலை, உலோகத்தின் மேல் எலும்பின் கனிமத்தை மிக மெல்லிய படலமாகப் படிய வைப்பது. அதற்கு நாங்கள் பயன்படுத்துவது லேசர் ஒளி. இந்த வேலையைப் பற்றி ஊரில் உள்ள என் சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அப்ப பிள்ளை, நீ அங்க எலும்பு செய்யிறியோ?" என்று கேட்டார். "எலும்பு இல்லைச் சின்னம்மா, எலும்புக்கும் கம்பிக்கும் நடுவில வைக்கிற ஒண்டு" என்றேன். "அதைத்தானே அந்த நேரம் ஒருத்தரும் எனக்கு வைக்கேல்லை" என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஷெல் துண்டு பட்டு அவருடைய இடது கால் முறிந்தது. வெளியே ஒரு சட்டம் பூட்டி, அதிலிருந்து நான்கு ஆணிகளைத் தோலினூடாக எலும்புக்குள் ஏற்றியிருந்தார்கள். அந்தச் சட்டத்தோடுதான் அவர் முகாமுக்குள் போனார். சில வாரங்களில் ஆணிகளில் இரண்டு தளர்ந்து ஆடத் தொடங்கின. ஆணி போன துவாரத்தால் சீழ் வந்தது. எலும்பு உடைந்த இடத்தைவிட ஆணி ஏறிய இடம்தான் அவரை அதிகம் வருத்தியது. இந்தக் கட்டுரை அந்த ஆணி ஏறிய இடத்தைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் வைக்கும் உலோகங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று துருப்பிடிக்காத உருக்கு. மற்றையது தைத்தானியம். தைத்தானியம் பாரம் குறைந்தது, உடம்பு அதை அவ்வளவாக வெறுப்பதில்லை. சுவீடன் நாட்டவரான பிரானெமார்க் என்ற வைத்திய ஆய்வாளர் 1952ஆம் ஆண்டு முயலின் எலும்புக்குள் தைத்தானியக் கருவி ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கருவியைக் கழற்ற முயன்றால் அது வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் அவர் முதல் நோயாளிக்குத் தைத்தானிய வேர் வைத்துப் பல் கட்டினார். 1990இல் அதே நாட்டில், தொடையோடு கால் இழந்த ஒருவருக்கு எலும்புக்குள்ளேயே தைத்தானியத் தண்டைப் பதித்து, அதன் மறுமுனையில் செயற்கைக் காலைப் பூட்டும் முறையைத் தொடங்கினார்கள். ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கும் சகோதரிகளுக்குத் தெரியும், தொடையை நுழைக்கும் கிண்ணம் வெயில் நாளில் எப்படி வேர்த்துப் புண்ணாகும் என்று. தண்டை எலும்பில் பதித்தால் அந்தக் கிண்ணமே வேண்டியதில்லை. ஆனால் தண்டும் எலும்பும் ஒன்றாகப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் வீண்.

தைத்தானியத்தை எலும்பு பிடிக்கும் என்றாலும் அதற்கு மாதக் கணக்கில் செல்லும். அதற்குள் அசைவு ஏற்பட்டால் எலும்புக்குப் பதிலாக நடுவில் நார்த்தசை வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்தால் ஆணி ஆடும். ஆகவே எலும்பு உடனே அடையாளம் காணக்கூடிய ஒரு பூச்சை உலோகத்தின் மேல் கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். எங்கள் எலும்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரு கனிமம்தான். கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த அதற்கு ஐதரொட்சிஅபற்றைற்று என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். எப்பாவலையில் தோண்டி எடுத்துத் தென்னைக்கு உரமாகப் போடுகிறோமே, அந்தக் கல்லும் இதே அபற்றைற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இனி இதை எலும்புக் கனிமம் என்றே எழுதுகிறேன்.

இலண்டனில் ரொனால்ட் ஃபர்லோங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1985இல் எலும்புக் கனிமம் பூசிய இடுப்பு மூட்டுத் தண்டை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார். அந்தப் பூச்சு பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள சுவாலையினூடாகக் கனிமத் தூளை உருக்கி விசிறிப் பூசியது. இன்றும் வைத்தியசாலைகளுக்கு வரும் பூசிய மூட்டுகளில் பெரும்பாலானவை இந்த விசிறல் முறையில் செய்தவையே. நல்ல பயனும் தந்திருக்கின்றன. வெளிச்சட்ட ஆணிகளுக்கும் இந்தப் பூச்சைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பூசிய ஆணி, பூசாத ஆணியைவிடக் குறைவாகவே தளர்கிறது. சின்னம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

ஆனால் விசிறல் பூச்சில் இரண்டு குறைகள் உண்டு. அது தடிப்பானது, ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கூட. சுவாலைக்குள் போன கனிமத்தில் ஒரு பகுதி வேறு பொருளாக மாறியும் விடுகிறது. இதைவிட முக்கியமான சங்கடம் எந்தப் பூச்சுக்கும் பொதுவானது. உலோகம் முடிந்து கனிமம் தொடங்கும் அந்தக் கோடு.

கோடு எங்கேயோ, உடைவதும் அங்கேதான்

தைத்தானியமும் எலும்புக் கனிமமும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பூச்சை 500 அல்லது 600 பாகை செல்சியசில் பூசுகிறோம். பின்பு ஆற விடுகிறோம். ஆறும்போது கனிமம், தைத்தானியத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுருங்கப் பார்க்கிறது. கீழே உள்ள உலோகம் அதைச் சுருங்க விடுவதில்லை. இழுபறியில் கனிமம் வெடிக்கிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கோடையில் குளம் வற்றி அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அதே கோலம். வெடிக்காமல் தப்பினாலும், அந்தக் கோட்டில் இழுவிசை உட்கார்ந்திருக்கும். பிறகு எலும்புக்குள் திருகும்போது உரிந்து வரும்.

குழல் பிட்டு அவிக்கும் எவருக்கும் இது புதிதல்ல. மாவை ஒரு பெரிய பிடி, தேங்காய்ப்பூ ஒரு பிடி என்று மாறி மாறிப் போட்டால், தள்ளி எடுக்கும்போது பிட்டு எங்கே உடைகிறது? மா முடிந்து தேங்காய்ப்பூ தொடங்கும் இடத்தில்தான். மாவோடு தேங்காய்ப்பூவை விரவிப் போட்டால் அப்படி ஓர் இடம் இருக்காது. நாங்கள் செய்வது அந்த விரவலின் இன்னொரு வகை. அடியில் முழுக்க ஒன்று, நுனியில் முழுக்க மற்றது. நடுவில் ஒன்று சிறிது சிறிதாகக் குறைய, மற்றது சிறிது சிறிதாகக் கூடும். கோடு என்று சுட்டிக்காட்ட ஓர் இடமும் இல்லாமல் செய்வதே நோக்கம்.

இயற்கை இதைத்தான் செய்து வைத்திருக்கிறது. பனை மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளியே கறுத்த வைரம், உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் மெத்தென்ற சோறு. இரண்டு மரத்தை ஒட்டியது போல் நடுவே ஒரு கோடு கிடையாது. எங்கள் உடம்பிலும் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் கனிமம் படிப்படியாகவே கூடிச் செல்கிறது. மனிதன் இதை ஒரு பொறியியல் முறையாக எடுத்தது 1984இல், யப்பானின் செண்டாய் நகரில். விண்விமானம் ஒன்றின் சுவரைப் பற்றி அங்கே யோசித்துக்கொண்டிருந்தார்கள். பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவருக்கு வெளிப்புறமும் உட்புறமும் ஆயிரம் பாகை வித்தியாசம். வெளியே மட்பாண்டம் போன்ற பொருள், உள்ளே உலோகம், நடுவே படிப்படியான மாற்றம் என்று தீர்மானித்தார்கள். விண்வெளிக்காகத் தொடங்கிய அந்த யோசனைதான் பிறகு எலும்பு வரைக்கும் வந்தது.

ஒளியால் ஒரு பிடி

இதை லேசரால் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். இது என் அன்றாட வேலை என்பதால் சற்று விரிவாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிடாரம் அளவான ஓர் உருக்குப் பாத்திரம். அதிலிருந்து காற்றை முழுவதும் உறிஞ்சி எடுக்கிறோம். உள்ளே ஒரு பக்கத்தில், பத்து ரூபாய் நாணயம் போன்ற வில்லைகள் சில, ஒரு சுழல் தட்டில் பூட்டியிருக்கும். ஒரு வில்லை எலும்புக் கனிமம், தூளை அழுத்திச் சூளையில் சுட்டது. இன்னொன்று தைத்தானியம் ஈரொட்சைட்டு, பூச்சு மையிலும் பற்பசையிலும் வெண்மைக்காகச் சேர்ப்பது. (புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூற்றைல் என்று எடுத்து ஏற்றுமதி செய்கிறார்களே, அவற்றிலிருந்து வருவதுதான் இது. எங்கள் கரையின் மண்ணைப் பொடியாக்கி எனக்கே விற்கிறார்கள் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.) தைத்தானிய உலோகத்தின் மேற்பரப்பில் எப்போதும் இந்த ஒட்சைட்டின் மெல்லிய தோல் ஒன்று தானாகவே இருக்கும். சூட்டில் இரண்டும் விரிவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் அடியில் இதை வைத்தால் உலோகம் சண்டை பிடிக்காது. வில்லைக்கு எதிரே, ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி, பூச வேண்டிய தைத்தானியத் துண்டு சூடேற்றியின் மேல் இருக்கும்.

வெளியிலிருந்து கண்ணாடிச் சாளரத்தினூடாக லேசர் ஒளி வில்லையில் விழும். இது கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளி. தொடர்ச்சியாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு செக்கனை நூறு கோடி பங்காகப் பிரித்தால், ஒரு துடிப்பு நீடிப்பது அதில் இருபத்தைந்து பங்கு மட்டுமே. அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் அவ்வளவு சக்தியும் விழுவதால் வில்லையின் மேற்தோல் உருகி வழிய நேரமில்லை. அப்படியே ஆவியாகிப் பீறிட்டுக் கிளம்பும். அந்த ஆவி ஒரு சுடராகத் தெரியும். எலும்புக் கனிமத்தின் சுடர் செம்மஞ்சள், ஒட்சைட்டின் சுடர் நீலம் கலந்த வெள்ளை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் பார்க்க வேண்டும். கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் வைக்கும் சிட்டி விளக்கின் அளவுதான் இருக்கும், எதிரே இருக்கும் துண்டை அது தொட்டு அணையும்.

இந்த முறைக்குத் துடிப்பு லேசர் படிவு என்று பெயர். 1960இல் லேசர் பிறந்து ஐந்து வருடத்துக்குள், 1965இல், அமெரிக்காவில் சிமித், ரேணர் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் உலகம் கவனித்தது 1987இல். இந்தியாவில் படித்து அமெரிக்கா சென்ற திருமலை வெங்கடேசனும் அவருடைய தோழர்களும் நியூ ஜேர்சியில் பல தனிமங்கள் சேர்ந்த மீகடத்திப் படலம் ஒன்றை இந்த முறையில் செய்தார்கள். வில்லையில் இருந்த தனிமங்கள் எந்த விகிதத்தில் இருந்தனவோ அதே விகிதத்தில் படலத்திலும் வந்து சேர்ந்தன. சட்டியில் வைத்துக் காய்ச்சினால் எளிதில் ஆவியாகும் பொருள் முதலில் போய்விடும். லேசர் அடியில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எலும்புக் கனிமம் போன்ற சிக்கலான பொருளுக்கு இது மிகவும் வசதி. அதை இந்த முறையில் தைத்தானியக் கலப்புலோகத்தின் மேல் படிய வைத்து 1992இல் கட்டுரை வெளியிட்ட முன்னோடிகளில் முதன்மையானவர் ஒரு பெண், கத்தரின் கொற்றெல். அவர் அப்போது வேலை செய்த இடம் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடம். படையினரின் ஆய்வுகூடத்திலிருந்து எலும்பு ஒட்டும் வழி வந்திருக்கிறது என்பதைப் படித்தபோது, என்ன நினைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

சரி, விரவலுக்கு வருகிறேன். ஒரு துடிப்பில் துண்டின் மேல் படிவது ஏறக்குறைய 0.05 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் நனோமீற்றர். ஓர் அணுவின் குறுக்களவே இதைவிடப் பல மடங்கு பெரிது. ஒரு துடிப்பில் ஓர் அடுக்குக்கூட நிறைவதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவி விட்டது போலத்தான் இருக்கும். இதுதான் இந்த முறையின் அருமை. பத்துத் துடிப்பை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்கிறோம். முதலில் பத்தும் ஒட்சைட்டுக்கு. பிறகு ஒன்பது ஒட்சைட்டு, ஒன்று எலும்புக் கனிமம். பிறகு எட்டும் இரண்டும். இப்படியே கடைசியில் பத்தும் எலும்புக் கனிமம். ஒவ்வொரு படியிலும் ஐம்பத்தைந்து சுற்று வரை செய்வோம். ஒரு சுற்றின் தடிப்பு அரை நனோமீற்றர், எலும்புக் கனிமப் பளிங்கின் ஓர் அலகைவிடக் குறைவு. ஆகவே இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்க இடமே இல்லை. சூட்டில் அசைந்து கலந்து ஒரே படலமாகிவிடும். பிட்டுக் குழலுக்குள் மாவையும் தேங்காய்ப்பூவையும் ஒவ்வொரு மணியாகப் போட்டால் எப்படியோ அப்படி.

இந்த மாறும் பகுதி 300 நனோமீற்றர். அதற்கு மேலே தனி எலும்புக் கனிமம் இன்னும் 700. எல்லாம் சேர்த்தால் தலைமயிரின் தடிப்பில் எண்பதில் ஒரு பங்கு. செக்கனுக்குப் பத்துத் துடிப்பு வீதம் அடித்தால் துடிப்புகளுக்கு அரை மணித்தியாலம் போதும். வில்லையை ஏறக்குறைய ஆயிரம் தடவைகள் மாற்ற வேண்டியிருப்பதால் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிறது. மாற்றுவதைக் கணினி செய்யும். அதற்கு முன் செய்ய வேண்டியதை மனிதர்தான் செய்ய வேண்டும். இரண்டு வில்லைகளும் ஒரு துடிப்புக்கு ஒரே அளவு பொருள் தருவதில்லை. ஐந்துக்கு ஐந்து அடித்தால் பாதிக்குப் பாதி வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. முதலில் ஒவ்வொன்றையும் தனியாகப் படிய வைத்து, தடிப்பை அளந்து, துடிப்பால் பிரித்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்த வேண்டும். வில்லை ஓயாமல் சுழலவும் வேண்டும், ஒரே இடத்தில் அடித்தால் குழி விழுந்து சுடர் சாய்ந்துவிடும்.

சூடும் ஒரு சோதனை. எலும்புக் கனிமத்துக்குள் நீரின் ஒரு கூறு இருக்கிறது, சூடு கூடினால் அது பறந்துவிடும். அதனால் பாத்திரத்துக்குள் சிறிதளவு நீராவி விடுகிறோம். சூடு மிகவும் கூடினால் கல்சியமும் ஒட்சைட்டும் தமக்குள் சேர்ந்து மூன்றாவது பொருள் ஒன்றாகிவிடும். சூடு குறைந்தால் படலம் பளிங்காகாது. பளிங்காகாத படலம் உடம்பின் நீரில் விரைவில் கரைந்து போகும், எலும்பு வந்து பிடிப்பதற்குள் பிடிக்க ஒன்றும் இராது.

விரவல் உண்மையில் அமைந்ததா என்று எப்படித் தெரியும்? அயன் கற்றையால் படலத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே கல்சியம் எவ்வளவு, தைத்தானியம் எவ்வளவு என்று அளப்போம். தாளில் ஒரு கோடு சாய்ந்து இறங்கும், மற்றது சாய்ந்து ஏறும், நடுவில் ஒன்றையொன்று வெட்டும். செங்குத்தாக விழுந்தால் விரவல் அமையவில்லை. அதன்பின் வைரமுனை ஊசியைப் பாரம் கூட்டிக்கொண்டே படலத்தின் மேல் இழுப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்குக் காட்டிய ஒப்பீடு நினைவிருக்கிறது. ஒரே நாளில் செய்த இரண்டு துண்டுகள். நேரடியாகப் பூசிய துண்டில் ஊசி போன வழியின் இரு புறமும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. விரவிப் பூசியதில் ஊசி பள்ளம்தான் போட்டிருந்தது, கரை பெயரவில்லை. பள்ளம் விழுவது பரவாயில்லை. உரிவதுதான் கூடாது.

இதே வழியில் யோசித்தவர்கள் பலர். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நடுவே தைத்தானியம் ஈரொட்சைட்டை வைத்து அதன் மேல் எலும்புக் கனிமத்தை லேசரால் படிய வைத்த ஆய்வை 2011இல் வெளியிட்டார்கள். மின்னியல் பக்கத்தில், அமெரிக்காவின் லேன் மார்ட்டின் குழு ஈயம், சிர்க்கோனியம், தைத்தானியம் கொண்ட படலங்களில் சேர்க்கையைப் படிப்படியாக மாற்றி, ஒரே சேர்க்கையுள்ள படலத்தில் நிற்காத இழுவிசை இதில் நிற்பதை 2013இல் காட்டியது. மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, என்றாலும் விதி ஒன்றுதான்.

சீழுக்கு ஒரு வெள்ளித் துணுக்கு

தடிப்பின் போக்கில் மட்டுமல்ல, பரப்பின் போக்கிலும் சேர்க்கையை மாற்றலாம். இது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. வெள்ளிக்குக் கிருமி கொல்லும் குணம் உண்டு. எலும்புக் கனிமத்தோடு சிறிது வெள்ளி சேர்த்தால் ஆணித் துவாரத்தில் சீழ் பிடிப்பதைத் தடுக்கலாம். ஆனால் வெள்ளி கூடினால் எங்கள் எலும்பின் உயிர்க்கலங்களும் சாகும். எவ்வளவு போட வேண்டும்? ஒவ்வோர் அளவுக்கும் ஒரு துண்டு செய்து சோதித்தால் வருடங்கள் போகும்.

உருமேனியாவின் புக்காரெஸ்ட் நகருக்கு அருகில் உள்ள லேசர் ஆய்வு நிறுவனத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நீளமான ஒரே தட்டு. ஒரு முனைக்கு எதிரே வெள்ளி வில்லை, மறு முனைக்கு எதிரே எலும்புக் கனிம வில்லை. இரண்டையும் லேசரால் அடிக்கும்போது இரண்டு சுடரும் தட்டின் மேல் ஒன்றோடொன்று கலக்கும். ஒரு முனையில் வெள்ளி அதிகம், மறு முனையில் குறைவு, நடுவில் எல்லா விகிதமும். அந்த ஒரு தட்டை வைத்தே கிருமி எங்கே சாகிறது, எலும்புக் கலம் எங்கே பிழைக்கிறது என்று தேடலாம். இரண்டும் ஒத்துவரும் இடம்தான் தேவையான அளவு. இந்தச் செய்தியை வாசித்தபோது முகாமில் உப்புத் தண்ணீரும் துணியுமாகச் சீழ் துடைத்துக்கொண்டிருந்த பெண்களின் முகங்கள்தான் எனக்கு வந்தன.

இவ்வளவும் சொன்ன பிறகு குறைகளையும் சொல்ல வேண்டும். லேசர் அடியில் சில வேளை உருகிய துளிகளும் பொடிகளும் பறந்து வந்து படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவை பலவீனமான புள்ளிகள். சுடர் நேரே எதிரில் உள்ளதையே பூசும், அதுவும் ஒரு நாணயத்தின் பரப்பளவுக்குத்தான் சமமாகப் பூசும். இடுப்பு மூட்டுத் தண்டு போன்ற பெரிய, வளைந்த பொருளைப் பூச வேண்டுமானால் அதைச் சுழற்றிக்கொண்டே நெடுநேரம் அடிக்க வேண்டும். இயந்திரமும் விலை கூடியது. என் அபிப்பிராயத்தில் பெரிய மூட்டுகளில் விசிறல் முறையை இது அண்மையில் வெல்லப் போவதில்லை. பல் வேர்கள், சிறு திருகாணிகள், வெளிச்சட்ட ஆணிகள் இவற்றுக்குத்தான் இது பொருந்தும். இந்த விரவிய லேசர் படலங்கள் இன்னும் ஆய்வுகூடத்துச் சரக்குத்தான், வைத்தியசாலைச் சரக்கு அல்ல. அவற்றை மனித இரத்த நீர் போன்ற உப்புக் கரைசலில் 37 பாகையில் நாட்கணக்கில் ஊற வைக்கிறோம், உயிர்க்கலங்களை வளர்க்கிறோம், சில இடங்களில் விலங்குகளுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சின்னம்மாவுக்கு 2010இல் வெளிச்சட்டத்தைக் கழற்றி, எலும்பின் நடுத் துவாரத்துக்குள் ஒரு நீண்ட ஆணியைச் செலுத்தினார்கள். "இதைக் கழட்டிப்போட்டு உன்ர பூச்சுப் பூசினதை வைக்கலாமோ?" என்று கேட்டார். இதே கேள்வி வாசகியர் சிலருக்கும் எழலாம். வேண்டாம் என்பதே பதில். எலும்பு பொருந்தும் வரைக்கும் தாங்கி நிற்பதற்காக வைப்பதே அந்த ஆணி. தேவையானால் பிறகு கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதை எலும்போடு ஒட்டாத வகையில்தான் செய்கிறார்கள். எலும்பு இறுகப் பற்றும் பூச்சை அதில் பூசினால், கழற்றும் நாளில் எலும்பையும் சேர்த்து உடைக்க நேரும். என்றென்றும் உள்ளே இருக்க வேண்டியவைக்கும், இருக்கும் காலம் வரை ஆடாமல் இருக்க வேண்டிய வெளிச்சட்ட ஆணிகளுக்கும்தான் இந்தப் பற்று தேவை.

அதனால் உங்கள் உடம்பில் இருப்பது எந்த வகை என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். எலும்பியல் கிளினிக்குக்குப் போகும்போது, இது உருக்கா தைத்தானியமா, கழற்ற வேண்டியதா, நிரந்தரமானதா என்று கேட்டு, வைத்தியர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய எக்ஸ்றே படங்களை எறியாதீர்கள். நாட்பட்ட காயத்தில் திடீரென்று சிவப்பு, சூடு, சீழ், புதிய நோ வந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திராமல் போய்க் காட்டுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னால், உடம்பில் ஷெல் துண்டு இருப்பதை முன்கூட்டியே அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். தைத்தானியம் அந்தக் காந்தத்துக்கு அசையாது, ஷெல்லின் இரும்புத் துண்டு அசையக்கூடும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இப்போது தட்டையான துண்டுகளை விட்டு உண்மையான ஆணிகளுக்கு வந்திருக்கிறோம். வெளிச்சட்ட ஆணி ஒன்றைச் சிறு மோட்டரில் பூட்டி, சுடரின் முன் மெல்லச் சுழல விடுகிறோம். புரியின் மேட்டில் படலம் நன்றாக விழுகிறது, பள்ளத்தில் மெலிகிறது. பள்ளத்துக்குள்ளும் அதே விரவல் அதே தடிப்பில் விழ ஆணியை எந்தச் சரிவில் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் இந்த மாதம் முழுவதும் அளந்துகொண்டிருக்கிறேன்.